விட்டம் எவ்வளவு தாங்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணம் வாசகர்: எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் தாத்தா காலத்து ஊஞ்சல் பலகை சும்மா கிடக்கிறது. மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மர விட்டங்களின்மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய காலத்துத் தளம். தேக்கு விட்டங்கள் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஓடுகின்றன. ஒவ்வொன்றும் 4 அங்குல அகலம், 6 அங்குல உயரம், சுவருக்குச் சுவர் 10 அடி. அதில் ஒன்றில் கொக்கி போட்டு ஊஞ்சலை மாட்டிவிடலாமா? ஆசாரியைக் கேட்டால், "தேக்குக்கு என்ன சார், யானையையே கட்டலாம்" என்கிறார்.

யானையை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த விட்டத்தின் மேலே ஏற்கெனவே என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம். ஊஞ்சல் மாட்டுகிறவர்கள் எல்லோரும் மறக்கிற விஷயம் அதுதான்.

ஒரு விட்டத்தின் பலத்தை வரவு செலவுக் கணக்கு மாதிரி போடலாம். வரவு என்பது கட்டையின் அளவிலிருந்தும் மரத்தின் தரத்திலிருந்தும் வருவது. அகலத்தை உயரத்தால் பெருக்கி, மறுபடியும் உயரத்தால் பெருக்கி, 6-ஆல் வகுக்க வேண்டும். உங்கள் கட்டையைச் செ.மீ.யில் தோராயமாக 10-க்கு 15 என்று வைத்தால் 10 × 15 × 15 ÷ 6 = 375. இதை மரத்துக்கு நாம் அனுமதிக்கிற தகைவால், அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ என்பதால், பெருக்க வேண்டும். குறையே இல்லாத சிறு தேக்குத் துண்டை ஆய்வகத்தில் வளைத்து உடைத்தால் அது சதுர செ.மீ.க்கு 900 கிலோ வாக்கில்தான் உடையும். ஆனால் வீட்டுக் கட்டையில் கணு இருக்கும், வெடிப்பு இருக்கும், வருடக்கணக்காகச் சுமை நிற்கும் (நாள்பட்ட சுமைக்கு மரம் ஆய்வகத்தில் காட்டிய பலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் காட்டும்), மழைக்காலத்தில் ஈரம் வேறு. அதனால் பழைய தேக்குக்கு நான் 100-க்கு மேல் எடுப்பதில்லை. ஐ.எஸ். 883 என்கிற இந்தியத் தரக் குறியீடு நல்ல தரமான தேக்குக்கு இதைவிடக் கூடுதலாகவே அனுமதிக்கிறது, ஆனால் அது தரம் பிரித்து, கணுவை அளந்து பார்த்த மரத்துக்கு. உங்கள் கூடத்து மரத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ஆக, வரவு 375 × 100 = 37,500 கிலோ-செ.மீ. இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செலவு. சுமை விட்டத்தின் முழு நீளத்துக்கும் பரவியிருந்தால், மொத்த எடை × நீளம் ÷ 8. நடுவில் ஒரே இடத்தில் தொங்கினால், எடை × நீளம் ÷ 4. அதாவது அதே எடை நடுவில் குவிந்தால் கட்டைக்கு இரண்டு மடங்கு வலி. மெட்ராஸ் டெரஸில் செங்கல், அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி, அதன்மேல் தட்டோடு எல்லாம் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோ வாக்கில் இருக்கும். விட்டத்துக்கு விட்டம் 45 செ.மீ., நீளம் 3 மீட்டர் என்றால் ஒரு விட்டத்தின் பங்கு 540 கிலோ. மொட்டை மாடியில் ஆள் நடக்க, வடகம் காயப்போட, சதுர மீட்டருக்கு 150 கிலோ சேர்க்கச் சொல்கிறது ஐ.எஸ். 875 என்கிற சுமைகளுக்கான இந்தியத் தரக் குறியீடு, அதில் இந்த விட்டத்துக்கு 200 கிலோ. ஆக 740 × 300 ÷ 8 = 27,750. கட்டையின் சொந்த எடை 30 கிலோ, அதற்கு ஒரு 1,100. ஊஞ்சல் வருவதற்கு முன்பே 37,500-இல் கிட்டத்தட்ட 29,000 செலவாகிவிட்டது.

இப்போது ஊஞ்சல். பலகையும் சங்கிலியுமாக 60 கிலோ, நான்கு பேர் 280 கிலோ, மொத்தம் 340. ஆனால் அது சும்மா தொங்கப்போவதில்லையே. ஆடும்போது கீழ்ப்புள்ளியைக் கடக்கிற அந்த நொடியில் சங்கிலியின் இழுப்பு எடையைவிட அதிகம்: 30 டிகிரி ஆடினால் கால் பங்குக்கு மேல் கூடும், 60 டிகிரி ஆடினால் சரியாக இரட்டிப்பு. பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு ஆடுவது வேறு, லீவுக்கு வந்த பேரன் பேத்திகள் ஆடுவது வேறு. பேரன் கணக்கையே எடுங்கள், 680 கிலோ. இரண்டு கொக்கிகளையும் அந்தந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி, தள்ளிப் போட்டால் செலவு ஒரு கொக்கியின் எடை × சுவரிலிருந்து அதன் தூரம்: 680-இல் பாதி 340, 340 × 75 = 25,500. கூட்டிப் பாருங்கள், 54,000-ஐத் தாண்டுகிறது. வரவோ 37,500.

இதற்கு அர்த்தம் நாளைக்கே ஒடிந்து விழும் என்பதல்ல, நாம் விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிட்டோம் என்பது. மேலே சுண்ணாம்புத் தளம் இருக்கும் வீட்டில் அதைத் தின்னக் கூடாது. மரம் ஒடியாவிட்டாலும் தொய்வு கூடினால் தளத்தில் விரிசல் விடும், விரிசலில் மழைத்தண்ணீர் இறங்கும், அந்தத் தண்ணீர் விட்டத்தின் தலையில்தான் போய் நிற்கும்.

செய்ய வேண்டியது எளிது. அதே 4-க்கு 6 அளவில் ஊஞ்சலுக்கென்று தனி உத்தரம் ஒன்றைச் சுவருக்குச் சுவர், கூரை விட்டங்களுக்குக் கீழே அரை அங்குலம் இடைவெளி விட்டுப் போடுங்கள். அதற்குச் செலவு 26,600 மட்டுமே, தாராளமாகத் தாங்கும். ஆட்கள் உட்கார்ந்து சும்மா இருக்கும்போது நடுத்தொய்வு 5 மில்லிமீட்டர் வாக்கில்தான் வரும், அதுவும் கீழ்நோக்கி என்பதால் மேல் விட்டத்தைத் தொடாது. இரண்டு முனையும் சுவருக்குள் 6 அங்குலமாவது போய் நன்றாக இறுகியிருக்க வேண்டும், ஏனென்றால் பலகை விட்டத்துக்கு இணையாகத் தொங்கினால் ஊஞ்சல் விட்டத்தைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும், வெறுமனே வைத்த கட்டை நாளடைவில் ஆட்டம் கொடுத்துவிடும். கொக்கியைக் கீழிருந்து திருகாணி மாதிரி முறுக்கி ஏற்ற வேண்டாம். மேலே இரும்புத் தகடு வைத்து, போல்ட்டை மேலிருந்து கீழாக முழுக்க ஊடுருவ விட்டு நட்டு போடுங்கள். 2 செ.மீ. துளை போட்டால் பத்துக்கு எட்டு செ.மீ. அகலம்தான் மிச்சம், வரவு 30,000 ஆகும், அதுவும் போதும். கட்டையைத் துளைக்கவே மனசு வரவில்லை என்றால் விட்டத்தைச் சுற்றி இரும்புப் பட்டை வளைத்து அதில் கொக்கி மாட்டுங்கள், எனக்கு அதுதான் பிடித்த வழி.

திண்டுக்கல் வாசகி: பரணுக்கு 6-க்கு 3 சட்டம் வாங்கினோம். ஆசாரி ஆறு அங்குலப் பக்கத்தைப் படுக்கை வாட்டத்தில் வைத்து, "அகலமாக உட்கார்ந்தால்தான் ஆடாது" என்கிறார். சரியா?

ஆடாமல் இருப்பது உண்மைதான், தாங்குவது பாதிதான். மேலே சொன்ன கணக்கில் உயரம் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது, அகலம் ஒரு தடவைதான். நிமிர்த்தி வைத்தால் 3 × 6 × 6 ÷ 6 = 18. படுக்கப் போட்டால் 6 × 3 × 3 ÷ 6 = 9. தொய்வில் வித்தியாசம் இன்னும் மோசம், அங்கே உயரம் மூன்று தடவை பெருக்கப்படும், அதனால் படுக்கப் போட்ட சட்டம் நிமிர்ந்ததைவிட நான்கு மடங்கு தொய்யும். நிமிர்த்தியே வையுங்கள். சாய்ந்துவிடும் என்ற அவருடைய பயத்துக்கு மருந்து, சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை அடிப்பது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். 3-க்கு 3 கட்டை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் 3-க்கு 6 ஆகிவிடாது. இரண்டும் தனித்தனியாக வளையும், ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். பலம் 4.5-உம் 4.5-உம் சேர்ந்து 9 மட்டுமே. நாலு ஆணி அடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். அடுக்கத்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் பக்கமாக, ஒட்டி நிறுத்துங்கள்.

மயிலாப்பூர் வாசகர்: எங்கள் வீடும் மெட்ராஸ் டெரஸ்தான், கீழே 4-க்கு 6 தேக்கு விட்டம், 10 அடி. மாடியில் 1,000 லிட்டர் தண்ணீர் டாங்க் வைக்க வேண்டும். ஹாலுக்கு நேர் மேலே நடுவில்தான் இடம் இருக்கிறது. செங்கல் மேடை கட்டி வைத்தால் சுமை பரவிவிடுமா?

பரவும், ஆனால் போதாது. தண்ணீர் 1,000 கிலோ, டாங்க்கும் செங்கல் மேடையும் சேர்த்து ஒரு 300. மேடை ஒரு மீட்டர் அகலம் என்றால் சுமை மூன்று விட்டங்களுக்குப் பிரியும், ஒன்றுக்கு 430 கிலோ. நடு மீட்டரில் பரவிய அந்தச் சுமைக்கு மட்டும் செலவு 27,000 வாக்கில் வரும். கூரையின் செலவு ஏறக்குறைய 29,000 என்று கும்பகோணத்துக்காரருக்குப் போட்டுக் காட்டியாயிற்று. மொத்தம் 56,000. ஊஞ்சலாவது ஆட்கள் எழுந்துபோனால் இறங்கிவிடும், டாங்க் ராத்திரி பகலாக நிற்கும், அதுவும் மரத்துக்கு ஆகாத நாள்பட்ட சுமை. மேடையை அகலமாகக் கட்டினால் சுமை குறையும் என்று நினைத்து மேலும் செங்கல் ஏற்றுகிறவர்களும் உண்டு, அவர்கள் செங்கல்லின் எடையைக் கூட்ட மறந்துவிடுகிறார்கள்.

நடுவில் வைக்க வேண்டாம். இரண்டு இரும்பு கர்டரைச் சுமைதாங்கிச் சுவருக்குச் சுவர், தளத்தைத் தொடாமல் இரண்டு அங்குலம் உயர்த்திப் போட்டு, அதன்மேல் டாங்க்கை வையுங்கள். அப்போது விட்டத்துக்கு ஒரு கிலோகூட ஏறாது, சுவர்தான் தாங்கும். கர்டர் அளவையும் சுவரின் நிலையையும் ஒரு பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டி முடிவு செய்யுங்கள், பழைய சுண்ணாம்புச் சுவரை ஃபோட்டோவில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஓவர்ஃப்ளோ குழாயை மட்டும் தளத்தில் சொட்ட விட்டுவிடாதீர்கள். பழைய வீட்டு விட்டங்களைச் சுமை கெடுத்ததைவிடக் கசிவு கெடுத்ததுதான் அதிகம்.

பழனியிலிருந்து ஒருவர்: தோட்டத்து வேப்பமரம் காற்றில் சாய்ந்துவிட்டது. அடிமரம் நேராக, குறுக்களவு 12 அங்குலம் இருக்கிறது. மாட்டுக்கொட்டகைக்கு உத்தரம் எடுக்கலாம் என்று இருக்கிறேன். சதுரமாக அறுக்கச் சொல்லவா?

சதுரமாக அறுத்தால் எட்டரைக்கு எட்டரை வரும். அதைவிட நல்ல அளவு உருளைக்குள்ளேயே இருக்கிறது. அடிமரத்தின் வெட்டு முகத்தில் மையத்தின் வழியாக ஒரு கோடு இழுத்து, அதை மூன்று சம பாகமாகப் பிரியுங்கள். முதல் புள்ளியிலிருந்து மேல்நோக்கிச் செங்குத்தாக ஒரு கோடு, இரண்டாவது புள்ளியிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு, இரண்டும் பட்டை ஓரத்தைத் தொடும் வரை. தொட்ட இரண்டு இடங்களையும் முதல் கோட்டின் இரண்டு முனைகளோடு சேர்த்தால் ஒரு நீள்சதுரம் கிடைக்கும். அந்த மரத்திலிருந்து எடுக்கக்கூடிய உத்தரங்களில் அதிகம் தாங்குவது அதுதான். உங்கள் மரத்துக்கு 7-க்கு 10 வாக்கில் வரும். சதுரத்தைவிட நூற்றுக்கு 9 பங்கு கூடுதலாகத் தாங்கும், எடையோ சற்றுக் குறைவு. உயரம் அகலத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்பதை மட்டும் மரவாடியில் சொன்னாலே புரிந்துகொள்வார்கள்.

பச்சை மரத்தை உடனே ஏற்ற வேண்டாம், ஈர மரத்துக்குப் பலமும் குறைவு, ஏற்றிய பிறகு வளையவும் செய்யும். அறுத்து, முனைகளில் பெயின்ட் அல்லது மெழுகு பூசி, இடையிடையே ரீப்பர் எனும் மெல்லிய சட்டம் வைத்து அடுக்கி நிழலில் காய விடுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், அதைத் தடுக்காவிட்டால் முனை வெடிக்கும். கணக்குக்கு வேம்பானாலும் சரி, பேர் தெரியாத நாட்டு மரமானாலும் சரி, தேக்குக்கு எடுத்த 100-க்குப் பதிலாக 70 எடுப்பது என் வழக்கம்.

ராமநாதபுரம் வாசகர்: பனைமரத்தைப் பிளந்து எடுக்கிற பனங்கைக்கும் இதே கணக்குதானா?

கணக்கு அதேதான், அளவெடுப்பதுதான் வேறு. தேக்குக்கு வைரம் நடுவில், பனைக்கு வைரம் வெளியில். கறுத்து இறுகிய நார் எல்லாம் பட்டையோரம் இருக்கும், உள்ளே போகப் போகச் சோறு மாதிரி மெத்தென்று ஆகிவிடும். அதனால் பனங்கையின் முழுக் கனத்தை அளக்காமல், நகத்தால் கீறினால் கீறல் விழாத கறுப்புப் பகுதியை மட்டும் அளந்து அதைக் கணக்கில் எடுங்கள். மீதியைச் சுமையாக மட்டும் நினையுங்கள். இளம் பனையை விலை மலிவு என்று வாங்காதீர்கள், அதில் கறுப்பே மெல்லிசாகத்தான் இருக்கும்.

மன்னார்குடி வாசகி: 12 அடி விட்டம் நடுவில் ஒரு அங்குலம் தொய்ந்திருக்கிறது. மாமனார், "நான் பார்த்த நாளிலிருந்து அப்படித்தான்" என்கிறார். பயப்பட வேண்டுமா?

தொய்வைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். ஓடு, சுண்ணாம்புப் பூச்சு போன்ற நொறுங்கும் பொருள்களைத் தாங்கும் விட்டம் நீளத்தில் 360-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது, மற்றவற்றுக்கு 240-இல் ஒரு பங்கு என்று ஐ.எஸ். 883 சொல்கிறது. 12 அடிக்கு அது அரை அங்குலத்துக்குச் சற்றுக் கீழும், அரை அங்குலத்துக்குச் சற்று மேலும். உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. ஆனால் மரம் சுமையின் கீழ் வருடக்கணக்காக நின்றால் முதல் நாள் தொய்ந்ததைப் போல இரட்டிப்பு தொய்வது சாதாரணம், அதனால் கட்டியபோது அரை அங்குலமாக இருந்தது இன்று ஒரு அங்குலமாக இருக்கலாம். 10 அடிக்குப் பொருத்தமான கட்டையை அப்படியே 12 அடிக்குப் போட்டிருப்பார்கள் என்பதும் என் சந்தேகம். நீளம் இரண்டு அடிதான் கூடுகிறது, ஆனால் அடிக்கு அதே சுமை என்றால் தொய்வு இரண்டு மடங்கு.

கேட்க வேண்டியது, இன்னும் தொய்கிறதா என்பதுதான். சுவருக்குச் சுவர் நூல் இறுக்கிக் கட்டி, நடுவில் இடைவெளியை அளந்து, தேதியோடு விட்டத்திலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் மறுபடி அளங்கள். அதே அளவு என்றால் மாமனார் சொன்னது சரி. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தால் அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அளக்கிறபோதே விட்டம் சுவருக்குள் நுழைகிற இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை இறங்காது. ஒரு அங்குலம் சுலபமாக இறங்கினால் உள்ளே உளுத்துவிட்டது. சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் "டங்" என்று கேட்க வேண்டும், "பொத்" என்று கேட்டால் கறையான் உள்ளே குடித்தனம் நடத்துகிறது. மேலே மட்டும்தானே அரித்திருக்கிறது என்று விடாதீர்கள். 4-க்கு 6 கட்டையில் நான்கு பக்கமும் அரை அங்குலம் போனால் 3-க்கு 5, பார்வைக்கு அது அப்படியே இருப்பதுபோலத்தான் தெரியும், ஆனால் பலம் 24-இலிருந்து 12.5-க்கு வந்துவிட்டது. ஏறக்குறைய பாதி.

காரைக்குடி வாசகர்: பழைய வீடு இடித்த பர்மா தேக்கு விட்டங்கள் விலைக்கு வருகின்றன. புதுக் கட்டையைவிட இதுவே மேல் என்கிறார்கள். வாங்கலாமா?

தாராளமாக. காய்ந்து முடிந்த மரம், வளைய வேண்டிய வளைவெல்லாம் வளைந்து முடித்தது. "நூறு வருஷத்துக் கட்டை, வைரம் பாய்ந்தது" என்று சொல்லி விலை ஏற்றுவார்கள், அதில் பாதி உண்மை. வயதால் தேக்கின் பலம் கூடிவிடாது, அந்தக் காலத்தில் வந்த மரம் பெரிய மரம், கணு குறைவு, அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது பழைய வெட்டுகளை. முன்பு குறுக்குச் சட்டம் பொருத்திய துளை, கைமரம் உட்கார்ந்த கொத்து, ஆணி துருப்பிடித்துக் கறுத்த இடம் என்று நிறைய இருக்கும். விட்டம் வளையும்போது மேல்பக்கம் நெருக்கப்படும், கீழ்ப்பக்கம் இழுக்கப்படும். கீழ்ப்பக்கம் நடு நீளத்தில் ஒரு அங்குலக் கொத்து இருந்தால் 6 அங்குலக் கட்டை அந்த இடத்தில் 5 அங்குலம்தான், பலம் நூற்றுக்கு 69. கொத்தின் மூலையிலிருந்து நாரோட்டத்தில் பிளக்கவும் ஆரம்பிக்கும், அதனால் உண்மையில் 69-கூட நிற்காது. அதே கொத்து முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கீழ்ப்பக்கம் இருந்தாலும் ஆபத்துதான், அங்கே வளைவு குறைவு என்றாலும் கட்டையைக் கிடையாகப் பிளக்கும் விசை அதிகம். அந்த முனையை அறுத்துத் தள்ளிவிட்டு மிச்ச நீளத்துக்கு மட்டும் காசு கொடுங்கள்.

நடுவில் கொத்து உள்ள கட்டை மலிவாகக் கிடைத்தால் விட்டுவிட வேண்டியதில்லை. தலைகீழாகத் திருப்பி, கொத்து மேலே வரும்படி போட்டு, அதே தேக்குத் துண்டை இடைவெளி இல்லாமல் இறுக அடித்து அடைக்கச் சொல்லுங்கள். நெருக்கும் பக்கத்தில் இறுகிய அடைப்புக் கட்டை தன் பங்குக்கு ஓரளவு தாங்கும். கணக்குப் போடும்போது மட்டும் 5 அங்குலம் என்றே போடுங்கள், கன அடிக்கு விலை பேசும்போதும் அதையே சொல்லிப் பாருங்கள்.